நொடிக்கு இருபத்தைந்து

அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி.
மணி இரண்டு நாற்பது.
'லேசாத் தலசுத்து, வேற ஒண்ணுமில்ல' என்கிறாள் நாத்தனார்.
கட்டிலில் கிடப்பவள் முக்கூடல் முப்பிடாதி,
வயது இருபத்திரண்டு, பீடி சுற்றுகிறவள்.
அவள் வாயே திறக்கவில்லை.

நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு.
வியர்வையில் ஒட்டாத குமிழைப்
பஞ்சால் துடைத்து மறுபடி வைத்தேன்.
காகிதம் நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்.
எவர் உயிருக்கும் அதே வேகம்தான்.

தலைப்பில் இயந்திரமே அச்சடித்திருந்தது:
துடிப்பு குறைவு, மற்றபடி இயல்பு.
ராத்திரி டியூட்டி டாக்டர், புதுசு,
அதைத்தான் படித்தார்.
நான் கீழே படித்தேன்.

பி என்று ஒரு சின்ன மேடு.
அதன் பின்னால் ஆர், பனை மாதிரி நெட்டுக்குத்தாக.
மேட்டிலிருந்து பனைக்கு எத்தனை கட்டம்?
ஐந்து வரைக்கும் போகட்டும்.
இவளுக்கு ஆறு.
அடுத்ததில் ஒன்பது.
அதற்கடுத்து பதினொன்று.
பிறகு ஒரு மேடு,
அதற்குப் பின் வெறும் கோடு.

வென்கிபாக். எந்த ஊர்க்காரரோ.
அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு வருஷம் ஆனது.
விஷயம் நுழைந்தது ஒரே ராத்திரியில்,
வேறொரு பெண்ணால்.
அவளைப் பற்றி இப்போது வேண்டாம்.

எங்கள் பக்கத்தில், இந்த வயதில், இந்த நேரத்தில்,
தவணை சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டு
ஒரு தடவை வராமலே போகிற துடிப்பு என்றால்
வேலியோரத்து மஞ்சள் பூதான்.

மருந்துச்சீட்டைக் கொடுத்து நாத்தனாரை வெளியே அனுப்பினேன்.
குனிந்தேன்.
'அரளியா?'
கண்ணை மூடினாள்.
'எத்தன?'
என் காதில் மட்டும் சொன்னாள்.
அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

அட்ரோபின். கரி. ஐகிரவுண்டுக்கு போன்.
நூற்றெட்டில் நானும் ஏறினேன்.
வீரவநல்லூர் வேகத்தடையில் திரை கொந்தளித்தது,
இதயம் வெறிபிடித்து நடுங்குவது போலவே.
இசக்கிராஜின் கை ஷாக் பெட்டிக்குப் போயிற்று.
'பொறுடே. மொதல்ல ஆளப் பாரு.'
மணிக்கட்டில் என் விரல்:
இருக்கிறது.
மெதுவாக, ஆனால் இருக்கிறது.
ஒரு ஒயர் கழன்று ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பத்தமடை தாண்டியதும் ஒயரெல்லாம் ஒழுங்காக இருந்தது,
கோடுதான் இல்லை.
மேடுகள் தம் கணக்கில், எண்பது.
பனைகள் தம் கணக்கில், முப்பத்தாறு.
ஒன்றுக்கொன்று தாக்கலே கிடையாது.
'பேசிக்கிட்டே வா புள்ள.'
'என்னத்தப் பேச.'
'நாளைக்கு எத்தன பீடி சுத்துவ?'
'ஆயிரம். கட்டுக்கு இருபத்தஞ்சு.
கடக்காரன் கழிச்சது போக...'
நாக்கு குழறியது.
நான் எண்ணிக்கொண்டே வந்தேன்,
கட்டுகளையா துடிப்புகளையா தெரியவில்லை.

கழுத்து வழியே கம்பி இறக்கினார்கள்.
ஒவ்வொரு பனைக்கும் முன்னால் ஒரு ஊசிக்கோடு.
பனைகள் அகலமாகி அவலட்சணமாகத்தான் நின்றன.
அறுபது. அறுபது. அறுபது.
முதல் பஸ்ஸில் திரும்பினேன், தூங்கவில்லை.

ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன்.
கம்பியை எடுத்திருந்தார்கள்.
ஏன் என்று கேட்கவில்லை.
அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டிருப்பார்கள்.
என் கைப்பையில் அன்றைய காகிதத்தின் இரண்டாம் பிரதி,
வெக்கையில் ஓரம் கறுத்துப்போய்.
'இதா நானு?' என்று வாங்கினாள்.

இலை மடக்கி மடக்கித் தேய்ந்த கட்டைவிரல் நகம்
கோட்டின் மேல் நடந்தது.
கட்டைக் கையில் எடுத்ததுமே
எண்ணாமல் கண்டுபிடிக்கிற நகம்.
மூன்று பனை தாண்டி நின்றது.

'எக்கா, இதுல ஒண்ணு கொறயுதே.'